சன்ஷேடுக்கு அடியில் செங்குளவி: இது எந்த இனம்? கொளுத்துவதா, விட்டுவிடுவதா?

துறையூரான்:
வணக்கம். குளியலறை ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடின் அடிப்பக்கம் ஒரு குளவிக் கூடு தொங்குகிறது. எப்போது கட்டியதோ தெரியாது, நேற்றுத் துணி காயப்போடும்போதுதான் கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலம் இருக்கும். நனைந்து காய்ந்த பழைய செய்தித்தாள் நிறம். அறைகள் எல்லாம் கீழே பார்த்துத் திறந்திருக்கின்றன, மேலே உறை எதுவும் இல்லை. இருபது இருபத்தைந்து குளவிகள் அதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன. செங்கல் சிவப்பு, வயிற்றில் ஒரு மஞ்சள் கோடு.

வீட்டில் மூன்று கட்சி. பக்கத்து வீட்டுக்காரர் இது கதண்டு, கடித்தால் ஆள் காலி என்கிறார். மாமனார் மண்ணெண்ணெய்ப் பந்தம் தயார் செய்துவிட்டார். அம்மாவோ, வீட்டில் குளவி கூடு கட்டினால் தொட்டில் கட்டும் யோகம், கை வைக்கக் கூடாது என்கிறார். எனக்கு முதலில் இது என்ன குளவி என்று தெரிய வேண்டும். போனில் எடுத்த படம் இரண்டு போட்டிருக்கிறேன்.

மேட்டூர்_மீன்:
கதண்டேதான். யோசிக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுங்கள். எங்கள் பக்கம் தென்னந்தோப்பில் இருந்ததை அவர்கள்தான் ராத்திரியில் வந்து எரித்தார்கள்.

தேனீப்பெட்டி:
கதண்டு இல்லை. பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறவன் நான், கதண்டு எனக்குப் பரம்பரைப் பகையாளி. அது கட்டைவிரலில் பாதி நீளம் இருக்கும், கறுப்பு உடம்பு, இடுப்பில் அகலமாக ஆரஞ்சுப் பட்டை. கூட்டைச் சுற்றிலும் உறை போர்த்தி, பூசணிக்காய் மாதிரி உருண்டையாக வைத்திருக்கும். அறைகள் வெளியே தெரியவே தெரியாது. உங்கள் படத்தில் அறைகளை எண்ணவே முடிகிறது. அந்த ஒரு விஷயத்தை வைத்தே கதண்டுப் பேச்சை முடித்துவிடலாம். பந்தத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

நிலாச்சோறு:
படத்தை ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தேன். பொலிஸ்டஸ் கரோலினா என்று வந்தது. செந்நிறக் காகிதக் குளவி. உறுதி.

மடித்தசிறகு:
நிலாச்சோறு, பொலிஸ்டஸ் கரோலினா அமெரிக்காவின் தென்கிழக்கிலும் டெக்சாஸ் பக்கமும் வாழ்வது. அங்கிருந்து துறையூருக்கு யாரும் பஸ் ஏற்றி அனுப்பவில்லை. ஆப் நிறத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. குளவியை நிறத்தால் அடையாளம் காணப் புறப்பட்டால் இப்படித்தான் கடல் தாண்டிப் போய்விடுவோம்.

துறையூரான், உங்கள் படம் கீழேயிருந்து எடுத்தது. முகமும் காலும்தான் தெரிகின்றன. எனக்கு இடுப்பு தெரிய வேண்டும். பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க முடியுமா? கிட்டே போக வேண்டாம், இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்குப் போனால் மந்தமாக இருக்கும். மூச்சுக்காற்று கூட்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை ஒன்று மட்டும் சொல்லலாம். முதல் படத்தில் இடது ஓரம் இருக்கும் குளவியைப் பாருங்கள். சிறகு ஒரு குச்சி போல ஒடுங்கியிருக்கிறது. இந்தக் குடும்பத்துக் குளவிகள் ஓய்வாக இருக்கும்போது முன்சிறகை நீளவாக்கில் விசிறிபோல மடித்துக்கொள்ளும். சுவரில் சேற்றுக்கூடு வைக்கும் ஒல்லி இடுப்புக் கறுப்புக் குளவி அப்படி மடிக்காது. அதாவது உங்களுடையது கதண்டின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வேறு கிளை. பக்கத்து வீட்டுக்காரர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை.

ஹட்டன்வாசி:
இந்தக் குழப்பம் எங்கள் இலங்கை மலையகத்தில் இன்னும் மோசம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது தொழிலாளர்கள் கொட்டுப்படுகிறார்கள். எல்லாச் செய்தியிலும் 'குளவிக் கொட்டு' என்றுதான் வரும். ஆனால் பல இடங்களில் கொட்டியது பெரிய மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா என்பார்கள். வேறு சில இடங்களில் தெபரா, அதுதான் நீங்கள் சொல்லும் கதண்டு வகை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டால் எதைத் தேடி அகற்றுவது? இனம் காண்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று தோட்டத்தில் ஒருவர் என்னிடம் சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

துறையூரான்:
எடுத்துவிட்டேன். படம் 3, 4. பக்கத்துச் சுவரில் ஒரு தீக்குச்சி ஒட்டி வைத்து அளவும் எடுத்தேன். சுவரில் வந்து உட்கார்ந்த ஒரு குளவி, குச்சியில் பாதியைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு குளவிகள் என் பக்கம் திரும்பிச் சிறகை உயர்த்தின, நான் பின்வாங்கிவிட்டேன். மாமனார் சிரிக்கிறார்.

மடித்தசிறகு:
அருமையான படம். இப்போது பேசலாம், கொஞ்சம் நீளும்.

உறையில்லாமல் ஒற்றை அடுக்கில், ஒரு காம்பில் தொங்கும் காகிதக் கூடு என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு பேரினங்களில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) ஒன்று: பொலிஸ்டஸ், ரொபாலிடியா. நம்மூரில் எங்கும் காணக் கிடைக்கும் பொலிஸ்டஸ் ஒலிவேசியஸ் நல்ல பெரியது, மஞ்சளில் பழுப்புக் கோடு போட்டது. பறக்கும்போது பின்னங்கால் இரண்டும் தொங்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்தவர்கள் இதோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சிவப்பாகச் சிறியதாக இருக்கும் பொலிஸ்டஸும் உண்டு. அதனால்தான் இடுப்பைக் கேட்டேன்.

பொலிஸ்டஸின் வயிறு நெல்மணி போல. முன்னும் பின்னும் கூர்ந்து, நடுவில் சீராகப் பருத்திருக்கும். ரொபாலிடியாவுக்கு வயிற்றின் முதல் கண்ணி, அதாவது முதல் வளையம், காம்பு போல ஒடுங்கிப் போய் முனையில் வீங்கும். இரண்டாம் கண்ணி மட்டும் பெரிதாக உருண்டிருக்கும். அதற்குப் பின்னால் உள்ள கண்ணிகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இழுத்துக்கொண்டு கிடக்கும். மொத்தத்தில் காம்புள்ள சுண்டைக்காய். உங்கள் படம் 4-ல் இருப்பது சுண்டைக்காய்.

ஆக ரொபாலிடியா. எந்த ரொபாலிடியா என்றால், மஞ்சள் கோடு அந்தப் பெரிய இரண்டாம் கண்ணியின் பின் ஓரத்தில் கரை கட்டியது போல ஓடுகிறது. கால் மூட்டுகளில் மஞ்சள் பொட்டுகள். உடம்பு மங்கிய செம்பழுப்பு. இது ரொபாலிடியா மார்ஜினாட்டா. 1836-இல் லெபெலெத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். மார்ஜினாட்டா என்றால் லத்தீனில் ஓரம் கட்டியது. நம் வழக்கில் சொன்னால் கரைவேட்டிக் குளவி.

நிலாச்சோறு:
நிறத்தை வைத்து அடையாளம் காணக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்துவிட்டு, கடைசியில் நீங்களும் மஞ்சள் கரை, மஞ்சள் பொட்டு என்றுதானே முடிக்கிறீர்கள்?

மடித்தசிறகு:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். வரிசைதான் வித்தியாசம். முதலில் உடலமைப்பால் பேரினத்தை முடிவு செய்துவிட்டால், அதற்குள் நிறம் உதவும். தொடக்கத்திலேயே நிறத்தைப் பிடித்தால் உங்கள் ஆப் போன வழியில் போவோம். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், மார்ஜினாட்டா என்பது படத்தை வைத்து நான் சொல்வது. பேரினத்துக்கு நூற்றுக்கு நூறு தருவேன், இனத்துக்குத் தொண்ணூறு.

நிலாச்சோறு:
பேரினத்துக்கும் நான் நூறு தர மாட்டேன். படம் 4-ல் குளவி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, சாய்ந்த கோணத்தில் எந்த இடுப்பும் ஒல்லியாகத்தான் தெரியும். ஆப் இனத்தில் தவறியிருக்கலாம், பொலிஸ்டஸ் என்றது சரி என்றே நினைக்கிறேன்.

வாய்க்கால்வரப்பு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 'குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும்' என்று சிறுவயதில் சொல்லிக்கொடுத்தார்களே, அது இந்தக் குளவியா? குரு சீடன் உவமையாகப் பிரசங்கங்களில் இப்போதும் கேட்கிறேன்.

தேனீப்பெட்டி:
இது இல்லை. அது மண்ணில் கூடு வைக்கும் தனிக்குளவி. புழுவைக் கொட்டி மயக்கி, மண்கூட்டுக்குள் வைத்து, முட்டையும் இட்டு அடைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அந்த மயங்கிய புழுவைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வரும். வைத்தது புழு, வந்தது குளவி. வெளியிலிருந்து பார்த்தவர் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. சீடனுக்கு மட்டும் விஷயம் தெரியாமல் இருப்பது நல்லது.

துறையூரான் அம்மா சொன்ன தொட்டில் யோகமும் அந்த மண்கூட்டுக்குத்தான் சொல்வார்கள். எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். காகிதக் கூட்டுக்கு அந்த யோகம் பொருந்துமா என்று வீட்டில் கேட்டுச் சொல்லவும்.

துறையூரான்:
கேட்டேன். 'குளவி குளவிதான்' என்று பதில் வந்தது.

மடித்தசிறகு அக்கா (அக்காதானே?), இனம் இது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? என் மகளுக்கு நான்கு வயது. அந்த ஜன்னல் பக்கம்தான் விளையாடுவாள்.

மடித்தசிறகு:
அக்காதான்.

கொட்டும். அதை மறைக்கப் போவதில்லை. தேனீயைப் போல ஒருமுறை கொட்டிவிட்டுச் சாகாது, கொடுக்கில் அந்தப் பெரிய முள் இல்லாததால் மறுபடியும் மறுபடியும் கொட்டும். ஆனால் கதண்டு போலத் துரத்திக்கொண்டு வருகிற இனம் இல்லை. கூட்டைத் தொட்டாலோ ஆட்டினாலோதான் பிரச்சினை. கூடு குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், ஆள் தலை முட்டாத இடத்தில் இருந்தால் நான் விட்டுவிடுவேன். யாரையாவது கொட்டி, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் நேரே மருத்துவமனை. குளவி விஷம் ஒவ்வாத உடம்பு என்றால் ஒரு கொட்டே போதும்.

பந்தம் வேண்டவே வேண்டாம். குளவியைவிட சன்ஷேடுக்கு மேலே போகும் கேபிள் வயரை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அப்புறம், உங்களிடம் இருப்பது சாதாரணக் குளவி இல்லை என்று மாமனாரிடம் சொல்லுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் தன் மாணவர்களோடு பல பத்தாண்டுகள் உட்கார்ந்து பார்த்தது இந்த இனத்தைத்தான். ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் பொட்டு வைத்து, யார் யாரை மிரட்டுகிறார்கள், யார் புழுவுக்கு ஊட்டுகிறார்கள் என்று மணிக்கணக்கில் குறித்திருக்கிறார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது ராணியின் கதை. பல குளவி இனங்களில் ராணி என்றால் அடித்து அதட்டி ஆள்வாள். இதே பேரினத்தில் ரொபாலிடியா சையாத்திஃபார்மிஸ் ராணி அப்படித்தான். மார்ஜினாட்டாவின் ராணி பரம சாது. கூட்டத்தில் எது ராணி என்று நடத்தையை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். முட்டையிடும்போது பிடித்தால்தான் உண்டு. அடித்து ஆளாமல் எப்படி மற்றவர்களை முட்டையிடாமல் வைத்திருக்கிறாள் என்றால், வயிற்றில் இருக்கும் ஒரு சுரப்பியின் மணம். ராணியை எடுத்துவிட்டால் ஒரே ஒரு வேலைக்காரி உடனே சண்டைக்காரியாக மாறுவாள். ராணியைத் திரும்ப வைத்தால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவாள். வைக்காமல் விட்டால் சில நாளில் அவளே முட்டையிடும் ராணி, சண்டைக்குணமும் போய்விடும். அடுத்தது யார் என்று ஆய்வாளர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. குளவிகளுக்குள் மட்டும் அதில் தகராறே இல்லை.

மேட்டூர்_மீன்:
கட்சித் தலைமைக்கு இதை அனுப்பிவைக்கலாம் போல.

தேனீப்பெட்டி:
எந்தக் கட்சி என்று கேட்க மாட்டேன். துறையூரான், வீட்டில் காய்கறிச் செடி ஏதாவது உண்டா? இந்தக் குளவிகள் இலைப்புழுவைப் பிடித்து மென்று உருண்டையாக்கித் தன் புழுக்களுக்கு ஊட்டும். என் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வரிசையில் இவை நடந்து நடந்து தேடுவதைப் பார்த்திருக்கிறேன். மருந்தடிக்கிறவன் இலையை இவ்வளவு திருப்பிப் பார்க்க மாட்டான்.

துறையூரான்:
கத்தரியும் அவரையும் இருக்கின்றன. மாமனார் போட்டதுதான். இதைச் சொன்னதும் பந்தத்தைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டார். மண்ணெண்ணெய் வாங்கிய காசு மட்டும் வீண் என்கிறார்.

துறையூரான்:
பதினோரு நாள் கழித்து வருகிறேன். கூடு போய்விட்டது.

நேற்றுக் காலை ஒரு பெரிய குளவி வந்தது. கறுப்பு, நடுவயிற்றில் மஞ்சள் பட்டை. தேனீப்பெட்டி சொன்ன அளவு. ஒண்டியாகத்தான் வந்தது. கூட்டின் மேல் உட்கார்ந்து, மூடியிருந்த அறைகளைக் கிழித்து உள்ளேயிருந்த வெள்ளைப் புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்து மென்று எடுத்துப் போனது. திரும்பத் திரும்ப வந்தது. நம் குளவிகள் இருபதும் எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை. சுவரில் ஒரு முழம் தள்ளிக் கொத்தாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. துடைப்பத்தால் விரட்டலாமா என்று யோசித்து, மகளை உள்ளே அனுப்பிவிட்டு நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இன்று காலை கூடு காலி. சுவரில் இருந்தவையும் இல்லை.

மடித்தசிறகு:
வெஸ்பா ட்ராபிகா. கதண்டுகளில் காகிதக் குளவிக் கூடுகளைக் கொள்ளையடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பது. தேனீப்பெட்டியின் பெட்டியைச் சுற்றுவது பெரும்பாலும் இதன் உறவுக்காரர்களாக இருக்கும். ட்ராபிகா வந்துவிட்டால் மார்ஜினாட்டாவால் ஒன்றும் செய்ய இயலாது, கூட்டை விட்டு இறங்கிவிடும். எறும்புக்குத்தான் அது தயாராக இருக்கும், கூட்டின் காம்பில் எறும்பை விரட்டும் சுரப்பைத் தடவி வைத்திருக்கும். பறந்து வருகிறவனுக்குக் காம்பு எதற்கு? பெங்களூரில் ஆய்வுக்கூடத்துக்கே கம்பிவலை அடித்தார்கள். இந்தக் குளவி நுழையும், ட்ராபிகா நுழையாது, அந்த அளவு கண்.

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலிக் கூடு இன்னும் தொங்குகிறதா? தொங்கினால் ஒரு குச்சியால் தட்டி எடுத்து, முதுகுப்பக்கத்தை, அதாவது சன்ஷேடைப் பார்த்திருந்த பக்கத்தைப் படம் எடுங்கள். பேரினத்தில் நிலாச்சோறு எழுப்பிய சந்தேகத்துக்கு அங்கே பதில் இருக்கலாம்.

துறையூரான்:
எடுத்தேன். எடையே இல்லை, அப்பளம் போல இருக்கிறது. முதுகில் அங்கங்கே வட்ட வட்டமாக ஒட்டுப் போட்டிருக்கிறது. சைக்கிள் டியூப் பஞ்சர் மாதிரி. இரண்டு இடத்தில் ஒட்டு இல்லாமல் ஓட்டையாகவே இருக்கிறது. படம் 7.

மடித்தசிறகு:
இதற்காகத்தான் கேட்டேன். குளவிப்புழு வளரும் காலம் முழுவதும் மலம் கழிக்காது. அறையின் வாயைப் பட்டு நூலால் மூடிக் கூட்டுப்புழுவாக மாறும் நேரத்தில், அதுவரை சேர்ந்ததை ஒரே கறுப்பு உருண்டையாக அறையின் அடியில் விட்டுவிடும். பொலிஸ்டஸ் கூட்டில் அது அங்கேயே காய்ந்து ஒட்டிக்கிடக்கும். ரொபாலிடியாவும் அதன் நெருங்கிய சொந்தங்களும் வேறு மாதிரி. வளர்ந்த குளவி வந்து அறையின் முதுகைக் கடித்து ஓட்டை போட்டு, அந்த உருண்டையை இழுத்து வெளியே எறிந்துவிட்டு, புதுத் தாளால் ஒட்டுப் போடும். உங்கள் படம் 7-ல் இருப்பது அந்தப் பஞ்சர். அந்த இரண்டு ஓட்டைகள், ஒட்டுப் போடுவதற்குள் ட்ராபிகா வந்துவிட்டதால் இருக்கலாம்.

நிலாச்சோறு, இப்போது பேரினத்தில் சந்தேகம் தீர்ந்ததா?

நிலாச்சோறு:
பேரினத்தில் தீர்ந்தது. இனத்துக்கு நீங்கள் கொடுத்த தொண்ணூறு தொண்ணூறாகவே இருக்கட்டும். ஆனால் ஒன்று, ஆப் காரனுக்கு நான் திருத்தம் அனுப்பிவிட்டேன். அடுத்த ஆளுக்காவது டெக்சாஸ் வராது.

ஹட்டன்வாசி:
கூட்டின் முதுகைப் பார்த்துப் பேரினம் சொல்ல முடியும் என்று இன்றுதான் தெரியும். எங்கள் லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரைக்கு அடியில் கைவிட்ட கூடு ஒன்று இருக்கிறது. மழை விட்டதும் ஏணி போடுகிறேன். ஒட்டு இருந்தால் படம், இல்லாவிட்டாலும் படம்.

வாய்க்கால்வரப்பு:
துறையூரான், சுவரில் இருந்த குளவிகள் எங்கே போயின? அவ்வளவும் செத்திருக்காது அல்லவா?

மடித்தசிறகு:
சாகாது. ட்ராபிகாவுக்கு வேண்டியது புழுவும் கூட்டுப்புழுவும்தான், வளர்ந்தவற்றை விட்டுவிடும். மார்ஜினாட்டா கூடு கட்டப் பருவம் பார்ப்பதில்லை, வருடத்தில் எந்த மாதமும் தொடங்கும். ஒரே பெண்குளவி தனியாகத் தொடங்குவதும் உண்டு, நாலைந்து சேர்ந்து தொடங்குவதும் உண்டு. சந்து, பெட்டி, குழாய் மூடி போன்ற மறைவான இடங்கள் என்றால் அதற்கு ரொம்பப் பிடிக்கும். பக்கத்தில் எங்காவது தேடிப்பாருங்கள்.

துறையூரான்:
தேடவே வேண்டாம். வாசல் கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் ஒன்பது அறை, ஆறு குளவி. கதவு இடுக்கு வழியாகப் போய்வருகின்றன. ரீடிங் எடுக்க அடுத்த வாரம் ஆள் வருவார். மாமனார் பெட்டி மேல் சாக்பீஸால் 'குளவி உள்ளது, கூப்பிடவும்' என்று எழுதி, கீழே என் போன் நம்பரைப் போட்டிருக்கிறார். ரீடிங்கை நாங்களே படம் எடுத்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்களா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.